கரிசலுக்கும் கடலுக்கும் நடுவுல கோடு எங்க இருக்கு?

விளாத்திகுளம் தாலுகாவுக்குக் கடற்கரை உண்டுன்னு சொன்னா நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேர் நம்ப மாட்டாங்க. "கரிசக்காடு, வேலிக்கருவை, மக்காச்சோளம். இதுல கடல் எங்கடா வந்துச்சு?" என்பார்கள். மேப்பைத் திறந்து பார்க்கலாம். வேம்பார், வைப்பாறு, சிப்பிகுளம் மூன்றும் எங்க தாலுகாதான். விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தென்கிழக்கே போனால் மன்னார் வளைகுடா. ஊரை ஒட்டி ஓடுகிற (வருஷத்தில் சில நாள் மட்டும் ஓடுகிற) வைப்பாறு போய்ச் சேர்வதும் அங்கேதான்.

நம்பாதவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்க ஊர்க்காரங்களே தங்களைக் கடலோடு சேர்த்து எண்ணுவதில்லை. கடல் என்றால் அது வேம்பார்க்காரங்க பாடு, தூத்துக்குடிக்காரங்க பாடு. ஐப்பசியில் மழை பெய்ததா, கம்மாய் பெருகியதா, உரக்கடைக்கு டி.ஏ.பி. வந்ததா என்பது எங்க பாடு. இந்தப் பாகப்பிரிவினை சரியில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. மன்னார் வளைகுடாவைச் சுற்றி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக ஒரு வட்டாரம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால், அந்த வட்டாரத்தின் எல்லை கடற்கரை மணலோடு நின்றுவிடக் கூடாது. இந்தக் கடலுக்கு எந்த நிலத்தில் இருந்தெல்லாம் தண்ணீர் வடிகிறதோ அதுவரைக்கும் வரணும். நம்ம பக்கம் அது விளாத்திகுளம், சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம் தாண்டி மேற்கே மலை வரைக்கும் போகும்.

கேட்க விசித்திரமா இருக்கலாம். ஆனா இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இருக்கக் கூடாது. தெர்மோடைனமிக்ஸ் முதல் யூனிட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்: கணக்கைத் தொடுறதுக்கு முன்னாடி சிஸ்டம் எது, பௌண்டரி எது என்று புள்ளிக்கோடு போடு. அந்தப் புள்ளிக்கோடு இயற்கையில் கிடையாது, நாம போடுறதுதான். பாய்லருக்கு ஒரு கோடு, டர்பைனுக்கு ஒரு கோடு, மொத்த அனல்மின் நிலையத்துக்கும் ஒரு கோடு போடலாம். மூன்றும் சரிதான். எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்து எது பொருத்தம் என்பது மாறும். பொருந்தாத இடத்தில் போட்டால் உள்ளே வருகிற ஏதோ ஒன்று கணக்கில் வராமல் போகும், கடைசியில் இரண்டு பக்கமும் டேலி ஆகாது. கடலைச் சுற்றி ஒரு வட்டாரத்தை வரைவதும் இதே வேலைதான். நம்ம நாட்டில் அந்தக் கோட்டை ஒரே ஒரு இடத்தில் மட்டும் போட்டுவிட்டு, 50 வருஷமா கணக்கு டேலி ஆகலையேன்னு தலையைச் சொறிகிறோம்.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். மன்னார் வளைகுடா எந்தக் கடலைச் சேர்ந்தது? தமிழ்நாட்டுக்குக் கிழக்கே வங்காள விரிகுடா என்று படித்த நாம் அதுதான் என்று சொல்லிவிடுவோம். மொனாக்கோவில் இருக்கிற சர்வதேச நீரியல் அமைப்பு, உலகக் கடல்களின் எல்லைகளை விவரிக்கும் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பை 1953-இல் வெளியிட்டது. அதன்படி வங்காள விரிகுடா ராமர் பாலத்தோடு முடிந்துவிடுகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பது லட்சத்தீவுக் கடல். ஆக, பாம்பனுக்கு வடக்கே இறங்கிக் குளிப்பவர் வங்காள விரிகுடாவில் குளிக்கிறார். வேம்பாரில் குளிப்பவர் லட்சத்தீவுக் கடலில் குளிக்கிறார். வேம்பார்ப் பாட்டி யாரிடமாவது போய்ச் சொன்னால் "போடா வேலையத்தவனே" என்பார். கப்பல் ஓட்டுகிறவர்களுக்கும் கடல் வரைபடம் போடுகிறவர்களுக்கும் பொதுவா ஒரு பெயர் எல்லை வேணும். அந்த வேலைக்கு அது போதும். இந்த எல்லைகளுக்கு அரசியல் அர்த்தம் எதுவும் கிடையாது என்று அந்தப் புத்தகமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. கெட்டிக்காரர்கள்.

அரசாங்கங்கள் சேர்ந்து வரைந்த வட்டாரங்கள் இன்னும் சுவாரஸ்யம். வங்காள விரிகுடாவை மையமாக வைத்து 1997-இல் தொடங்கிய பிம்ஸ்டெக் அமைப்பில் இன்று ஏழு நாடுகள். அதில் நேபாளமும் பூட்டானும் உண்டு. இரண்டுக்கும் கடற்கரையே கிடையாது. நாலாபக்கமும் கடல் சூழ்ந்த மாலத்தீவு அதில் இல்லை. அதே விரிகுடாவின் மீன்வளத்தையும் சூழலையும் பார்ப்பதற்காக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்போடு சேர்ந்து நடந்த பெருங்கடல் சூழல் திட்டத்தில் எட்டு நாடுகள். அதில் மாலத்தீவு, மலேசியா, இந்தோனேசியா எல்லாம் இருக்கின்றன. நேபாளமும் பூட்டானும் இல்லை. ஒரே கடல், இரண்டு வேறு வட்டாரம். வியாபாரம், மின்சாரம், சாலை என்று யோசித்தவர்கள் இமயமலை வரை போனார்கள். மீனைப் பார்த்தவர்கள் மீன் போகிற இடத்துக்குப் போனார்கள். இதில் தப்பு எதுவும் இல்லை. வட்டாரம் என்பது நிலத்தில் ஏற்கெனவே எழுதி வைத்த விஷயம் இல்லை, வேலையைப் பார்த்து வரைகிற விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம்ம கடலுக்கு வருவோம். இங்கே அரசாங்கங்கள் எந்த வேலையைப் பார்த்துக் கோடு போட்டன? யாருக்கு எவ்வளவு சொந்தம் என்ற வேலையைப் பார்த்து. 1974 ஜூன் 26-இல் கொழும்பிலும் 28-இல் டெல்லியிலும் கையெழுத்தான ஒப்பந்தம் பாக் நீரிணையில் இருந்து ராமர் பாலம் வரைக்கும் கோடு போட்டது. கச்சத்தீவு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது அப்போதுதான். 1976 மார்ச் 23-இல் கையெழுத்தான அடுத்த ஒப்பந்தம், எங்க வேம்பாருக்கு முன்னால் விரிந்து கிடக்கிற மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் அதே கோட்டை நீட்டியது. 1974 ஒப்பந்தத்தில், இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் நீரில் வழிவழியாக அனுபவித்து வந்த உரிமைகள் தொடரும் என்று ஒரு பிரிவு இருந்தது. 1976-இல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் எல்லைக்குள் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டதுதான் அதற்குப் பிறகு நாம் செய்திகளில் பார்க்கிற எல்லாம்.

அந்தக் கோட்டைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ராமேஸ்வரத்தில் ஒரு விசைப்படகைப் பிடித்துப் போய்விட்டால் ஒரு குடும்பத்தின் கடன் எத்தனை வருஷத்துக்கு நீளும் என்பது விளையாட்டு இல்லை. அந்தப் பக்கம் மன்னார், யாழ்ப்பாணம் கரையில் இருக்கிறவர்களும் மீனவர்கள்தான், தமிழ் பேசுகிறவர்கள்தான். போர் நடந்த காலம் முழுக்கக் கடலுக்குப் போக முடியாமல் இருந்துவிட்டு, முடிந்து போய் வலை போட்டால், நம்ம பக்கத்து இழுவைமடிப் படகுகள் அதை அறுத்துக்கொண்டு போகின்றன என்பது அவர்கள் குறை. இழுவைமடி கடலடியைச் சுரண்டுகிறது என்று சொல்லி இலங்கை 2017-இல் அதைச் சட்டம் போட்டே தடை செய்தது. நம்ம பக்க டிவி விவாதங்களில் இந்தப் பாதி வருவதே அபூர்வம். கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற பேச்சுதான் தேர்தலுக்குத் தேர்தல் வரும். கோட்டை நாலு கிலோமீட்டர் நகர்த்தினாலும் கடலடியில் மீன் இல்லாவிட்டால் என்ன செய்வோம் என்று யாரும் கேட்பதில்லை.

எங்க பக்கம், மன்னார் வளைகுடாவில், நிலைமை கொஞ்சம் வேறு. இங்கே கடல் அகலம். வேம்பாரில் இருந்து வள்ளத்தில் போகிறவர்களுக்கு அந்தக் கோடு பெரும்பாலும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் இங்கே கோடு பற்றிய சண்டை குறைவு. ஆனால் அதே காரணத்தால் இது இரண்டு நாட்டுக்கும் பொதுவான கடல் என்கிற நினைப்பும் குறைவு. மன்னார் வளைகுடா என்றால் தூத்துக்குடியில் இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் இருக்கிற 21 தீவு, 1986-இல் அறிவித்த தேசியப் பூங்கா, 1989-இல் அறிவித்த 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். தீவுக் கூட்டங்களில் ஒன்றுக்கு வேம்பார் பெயர்தான்: நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, புளுவினிச்சல்லி. பவளப் பாறைக்குக் காவல் போடுவதற்கு இந்த எல்லை நல்ல எல்லை. நம்ம வனத்துறை ரோந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஆனால் பவளத்தைக் கெடுப்பவை ரோந்துப் படகில் பிடிக்கக்கூடிய சமாச்சாரங்கள் மட்டும் இல்லையே.

2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்கிற சரக்குக் கப்பல் தீப்பிடித்து ஜூனில் மூழ்கியது. அதில் இருந்த பிளாஸ்டிக் குருணை இலங்கையின் மேற்குக் கரை முழுக்க ஒதுங்கியது. நாம அதை வெளிநாட்டுச் செய்தியாகப் படித்தோம். 2025 மே 25-இல் எம்.எஸ்.சி. எல்சா 3 என்கிற கப்பல் கொச்சிக்கு வெளியே மூழ்கியது. அதே மாதிரி குருணை. முதலில் கேரளம், அப்புறம் கன்னியாகுமரி, பிறகு ராமேஸ்வரம் பக்கம், அதற்கப்புறம் இலங்கையின் வடக்குக் கரை. கொச்சியில் விழுந்தது மன்னாரில் கரையேறியது. 1976 கோடு அதை எங்கேயும் நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றும் நீரோட்டமும் எப்படி ஓடும் என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு முறையும் இரண்டு நாடும் தனித்தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்ததுதான்.

இன்னொரு கடலில் இதை வேறு மாதிரி செய்தார்கள். வட ஐரோப்பாவில் பால்டிக் கடல். நம்ம ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1974-இல், மூன்று மாதம் முன்னால், மார்ச் மாதம் ஹெல்சிங்கியில் ஏழு நாடுகள் உட்கார்ந்து ஒரு உடன்படிக்கை போட்டன. பனிப்போர்க் காலம். ஒரு பக்கம் சோவியத் யூனியன், போலந்து, கிழக்கு ஜெர்மனி. இன்னொரு பக்கம் மேற்கு ஜெர்மனி, டென்மார்க். நடுவில் ஸ்வீடன், பின்லாந்து. ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏவுகணையைக் குறிவைத்துக்கொண்டே "கடல் அழுகுது, சேர்ந்து பார்ப்போம்" என்று கையெழுத்துப் போட்டார்கள். ஹெல்காம் என்று சுருக்கமாகச் சொல்கிற அந்த ஆணையம் இன்னும் இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் எல்லையை எப்படித் திருத்தினார்கள் என்பது. 1974 உடன்படிக்கை கடலோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டு நீரும் அதில் சேரவில்லை. ஆனால் பால்டிக்கின் நோய் கடலில் இல்லை. வயலில் போடுகிற தழைச்சத்தும் மணிச்சத்தும் ஆறு வழியாகக் கடலுக்கு வந்து, பாசி பெருகி, அது அழுகும்போது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்து, மீன் மூச்சு முட்டிச் சாகிற நோய் அது. கடற்கரையில் நின்று என்ன ஒப்பந்தம் போட்டாலும் போலந்தின் உருளைக்கிழங்கு வயல் அதில் இல்லையென்றால் கணக்கு டேலி ஆகாது. 1992-இல் புது உடன்படிக்கை எழுதியபோது உள்நாட்டு நீரையும் சேர்த்தார்கள். நிலத்தில் இருந்து வருகிற மாசைக் குறைக்கிற கடமை அந்தக் கடலுக்குத் தண்ணீர் வடிகிற படுகை முழுமைக்கும் என்று ஆக்கினார்கள். அந்தப் படுகை கடலைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு பெரியது. கடலைத் தொடாத பெலாரஸ், உக்ரைன், செக் குடியரசு வரை அது நீள்கிறது. 2007-இல் போட்ட செயல்திட்டத்தில் எந்த நாடு எவ்வளவு சத்தைக் குறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்.

பால்டிக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் கோடைக்குக் கோடை பாசி படர்கிறது. 2022-க்குப் பிறகு ரஷ்யாவோடு சேர்ந்து உட்காருவதே பிரச்சினையாகிவிட்டது. ஆனால் 1980-களில் ஆறுகள் கொண்டுவந்த சத்தின் அளவோடு ஒப்பிட்டால் இன்று கணிசமாகக் குறைவு. கோட்டைச் சரியான இடத்தில் போட்டதால் அளக்க முடிந்தது, அளந்ததால் குறைக்க முடிந்தது.

வைப்பாற்றுக்கு வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து வந்து, வெம்பக்கோட்டை அணை, சாத்தூர் கடந்து, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, விளாத்திகுளம் வழியாக வைப்பாறு கிராமத்துக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்குப் போகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர் அந்த ஆற்று மணலில் நடந்திருப்பார்கள்! அந்த ஆறு எந்தக் கடலுக்குப் போகிறது என்று அதில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள் என்று தெரியாது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், விருதுநகர் எல்லாம் இந்தப் படுகைக்குள்தான் வருகின்றன. சிவகாசிக்காரர் ஒருத்தர் தன்னை மன்னார் வளைகுடாக்காரர் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்போம். நேர்கோட்டில் பார்த்தால் அங்கே இருந்து கடல் 70 கிலோமீட்டர்தான். பால்டிக் கணக்கில் அது பக்கத்து வீடு.

"வருஷத்துல பத்து நாள் ஓடுற ஆறு கடலை என்ன செஞ்சிரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பத்து நாள் ஓடுறதுதான் விஷயமே. வற்றாத ஆறு வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோவதை, வைப்பாறு மாதிரியான ஆறு ஒரு ஐப்பசி கார்த்திகையில் ஒரே மூச்சில் கொண்டுபோகும். ஒன்பது, பத்து மாதம் ஆற்றுப் படுகையில் தேங்கின சாக்கடை, குப்பை, மானாவாரிக் காட்டில் இட்ட உரத்தில் பயிர் எடுத்தது போக மீந்தது, கரிசல் மண், எல்லாம் முதல் வெள்ளத்தில் இறங்கும். கரிசல் மண் நைசான மண், தண்ணியில் கரைந்தால் லேசில் படியாது. பவளம் உயிர் வாழ வெளிச்சம் வேணும், கலங்கல் ஆகாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கடலுக்குப் போய்ச் சேர வேண்டிய மணல் போகவில்லை. ஆற்று மணல் எங்கே போனது என்று எங்க ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மணல் போன இடத்தில் வேலிக்கருவை நிற்கிறது. போகக் கூடாதது போகிறது, போக வேண்டியது போகவில்லை. இதைக் கணக்கில் எடுக்காமல் தீவு கரைகிறது, கரை அரிக்கிறது என்று கடலில் மட்டும் நின்று பார்த்தால் எப்படி?

2019 செப்டம்பரில் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடா பச்சையாக மாறியது நினைவிருக்கலாம். நாக்டிலூகா என்கிற நுண்ணுயிர் பெருகி மீன்கள் செத்து ஒதுங்கின, பவளமும் செத்தது. அதற்கு வைப்பாறு காரணம் என்று நான் சொல்லவில்லை. புரட்டாசியில் ஆறு ஓடவே இல்லை. காற்று, நீரோட்டம், கடலின் சூடு என்று காரணம் பல இருக்கும். ஆனால் நிலத்தில் இருந்து வருகிற சத்துக்கு அதில் பங்கு உண்டா இல்லையா என்று பார்க்கக்கூட நிலத்தையும் கடலையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கிற ஆள் வேணும். நீர்வளத்துறை அணையோடு நிற்கிறது, வேளாண் துறை வரப்போடு, வனத்துறை தீவோடு, மீன்வளத்துறை துறைமுகத்தோடு. ஒவ்வொருத்தர் புள்ளிக்கோடும் தனி.

இது நம்ம பக்கம் மட்டும். கோட்டுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு, தமிழில் அருவி ஆறு, சிங்களத்தில் மல்வத்து ஓயா. 164 கிலோமீட்டர். அனுராதபுரத்தின் வழியாக ஓடி, மன்னாருக்குத் தெற்கே அரிப்புப் பக்கம் நம்ம அதே வளைகுடாவில் விழுகிறது. அனுராதபுரம் பகுதி வறண்ட வலயம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய விவசாயம். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிற குளச் சங்கிலி. நம்ம கம்மாய்ச் சங்கிலி அப்படியே. மழை வரும் மாதமும் ஒன்று, வறட்சியும் ஒன்று, உர மூட்டையும் ஏறக்குறைய ஒன்று. அனுராதபுரத்து விவசாயியும் விளாத்திகுளத்து விவசாயியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை, ஒரே மொழி பேசுவதில்லை. ஆனா ரெண்டு பேர் காட்டுத் தண்ணியும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருது. மன்னார் வளைகுடா வட்டாரம் என்றால் இவர்கள் இரண்டு பேரும் அதில் இருக்க வேண்டாமா?

ஒரு காலத்தில் இப்படி யோசிப்பது இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. வேம்பாறும் வைப்பாறும் பரதவர்களின் ஏழு கடல்துறைகளில் இரண்டு. முத்துச் சலாபம் தூத்துக்குடிப் பக்கமும் உண்டு, அரிப்புப் பக்கமும் உண்டு. எந்தப் பக்கம் சிப்பி விளைந்திருக்கிறதோ அங்கே குளியாட்கள் போனார்கள். 1658-இல் தூத்துக்குடியையும் மன்னாரையும் ஒரே வருஷத்தில் பிடித்த டச்சுக்காரர்கள், இரண்டு சலாபத்தையும் ஒரே கையில் வைத்துக்கொண்டார்கள். கொள்ளை அடிக்க வந்தவனுக்கும் இது ஒரே வட்டாரம் என்று புரிந்திருந்தது. தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கடலில் இறங்காத கரிசல்காரர்களும் இதில் அடக்கம். நம்ம பருத்தி தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறியது. கொழும்புக்குக் கப்பல் விட 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கிய வ.உ.சி. பிறந்தது ஒட்டப்பிடாரம். கரிசல் பூமி, கடல் தெரியாத ஊர். அவர் தன்னுடைய வட்டாரத்தின் எல்லை என்று எதை நினைத்திருப்பார்?

"வட்டாரம்" என்ற சொல்லையே நமக்குப் பழக்கப்படுத்தியவர்களில் ஒருத்தர் இடைசெவல் கி.ரா. கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டார். கரிசலுக்கு எந்த அரசாங்கமும் எல்லைக்கல் நட்டதில்லை. தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் என்று மாவட்டக் கோடுகள் அதைக் கூறு போட்டும், கரிசல் என்றால் எது என்று நமக்குச் சந்தேகம் வருவதில்லை. கோடையில் வெடிக்கும், மழையில் காலைப் பிடிக்கும், அந்த மண் எங்கே இருக்கிறதோ அது கரிசல். மண்ணை வைத்து ஒரு வட்டாரத்தை உணர முடிந்த நமக்குத் தண்ணீரை வைத்து உணர முடியாதா?

இதற்கு வருகிற எதிர்வாதங்களில் வலுவானது ஒன்றுதான். எல்லையைப் பெரிசாக்கினால் பொறுப்பு கரைந்துவிடும். எல்லாருக்கும் சொந்தமான பிரச்சினை யாருக்கும் சொந்தம் இல்லாமல் போகும். நியாயமான பயம். கொழும்பைத் தலைமையிடமாக வைத்து 1982 முதல் தெற்காசியச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. தெற்காசியக் கடல்களுக்கான செயல்திட்டம் 1995-இல் ஏற்கப்பட்டது. பாகிஸ்தானில் இருந்து வங்கதேசம் வரை ஐந்து நாடுகள். நம்மில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறோம்? கராச்சியையும் சிட்டகாங்கையும் ஒரே படத்தில் வைத்தால் வேம்பார் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. நான் கேட்பது அது இல்லை. ஒரு வளைகுடா, அதற்கு இந்தப் பக்கம் சில ஆறு, அந்தப் பக்கம் சில ஆறு. ஒரு தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியரும் ஒரு மன்னார் மாவட்டச் செயலாளரும் ஒரே மேஜையில் படத்தை விரித்து விரல் வைத்துப் பேசக்கூடிய அளவு. பெரிசாக்கச் சொல்லவில்லை, வேறு திசையில், மேட்டை நோக்கி, நீட்டச் சொல்கிறேன்.

மற்றபடி "இதெல்லாம் டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையில் பேச வேண்டிய விஷயம், நமக்கு என்ன?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இறையாண்மைக் கோடு அவர்களுடையது, அது இருக்கட்டும். படுகைக் கோட்டை வரைய யார் அனுமதியும் தேவை இல்லை.

தேவைப்படுவது என்னவென்று நமக்குத் தெரியும். 30 மீட்டர் துல்லியத்தில் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். வெள்ளம் வந்த நாட்களில் ஆற்று முகத்தில் கலங்கல் எவ்வளவு தூரம் கடலுக்குள் போகிறது என்று சென்டினல் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம், அதுவும் காசு இல்லாமல். சிவில் டிபார்ட்மென்ட்டில் வருஷா வருஷம் எத்தனை பைனல் இயர் புராஜெக்ட் பழைய ரிப்போர்ட்டைப் பெயர் மாற்றிப் போவதாக நாமே கேன்டீனில் பேசிக்கொள்கிறோம். அதில் ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அருவி ஆற்றுப் படுகையை அவர்கள் வரையட்டும், வைப்பாற்றுப் படுகையை நாம வரைவோம். இரண்டு லேயரையும் ஒரே படத்தில் போட்டு, 1976 கோட்டையும் மெல்லிசாக மேலே போட்டுப் பார்க்கலாம். மெயில் எழுத யாராவது முன்வந்தால் நானும் சேர்ந்து எழுதுகிறேன். ஆற்று முகத்தில் தண்ணீர் மாதிரி எடுக்க ஐப்பசிக்குள் தயாராக இருக்க வேண்டும். தவறவிட்டால் ஆறு ஓடுவதைப் பார்க்க அடுத்த வருஷம் வரை காத்திருக்கணும்.